ஒத்தை இருசா, ரெட்டைக் கையா? ஜீப்பின் முன் அச்சுக்கு ஒரு வரலாறு

இந்த எபிசோடை ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். மஹிந்திரா தார் ஒண்ணு, மாருதி ஜிம்னி ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தியாச்சு. இதுல எது அசல் பழைய ஜீப்போட வாரிசு?

பெரும்பாலானவங்க யோசிக்காம தாரைத்தான் காட்டுவாங்க. உருவம் அப்படி. ஜிம்னியைப் பார்த்தா பொம்மை மாதிரி இருக்குன்னு சிரிப்பாங்க. ஆனா குனிஞ்சு, முன்சக்கரங்களுக்கு நடுவே பாருங்க. பதில் மாறிடும். 1941-ல் போர்க்களத்துக்குப் போன ஜீப்பில் இருந்த அதே ஏற்பாடு ஜிம்னியில்தான் இருக்கிறது. இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கனமான இரும்புக் குழல். இதைத்தான் சாலிட் ஆக்ஸில் என்கிறோம். இன்றைய தாரின் முன்பக்கத்தில் அது கிடையாது. அங்கே ஒவ்வொரு சக்கரமும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று தனக்கான கைகளைப் பிடித்துக்கொண்டு தனியாக ஏறி இறங்குகிறது. இது இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன்.

இணையத்துல இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடக்கும். 'சாலிட்தான் ஆம்பளை வண்டி' என்று ஒரு கூட்டம். 'அது மாட்டுவண்டித் தொழில்நுட்பம்' என்று இன்னொரு கூட்டம். ரெண்டாவது கூட்டம் கிண்டலாகச் சொன்னாலும், அதில் உண்மை இருக்கு. அதனால நாமும் மாட்டுவண்டியிலிருந்தே தொடங்குவோம். இடம்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம்.

கரிசலும் கட்டைவண்டியும்

ஏன் இந்த ஊர்? ஃபோர் பை ஃபோர் வண்டி என்றாலே நமக்கு லடாக்கும் பாறையும் ஆறும்தான் கண்ணில் வரும். விளம்பரம் அப்படிப் பழக்கியிருக்கு. ஆனால் தார்ச்சாலையை விட்டு இறங்கும் வண்டிகளில் பல, மலைக்குப் போவதில்லை. வயலுக்கும் கண்மாய்க்கரைக்கும்தான் போகின்றன. அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழிக்குப் போகும் வழியில் பாருங்க. ரமண மகரிஷி பிறந்த ஊர் என்று பலருக்குத் தெரியும். குண்டாறு ஓடுகிற, வருடத்தில் பெரும்பாலும் மணலாகவே கிடக்கிற ஊர். சுற்றிலும் மானாவாரி நிலம். பருத்தி, சோளம், கம்பு, உளுந்து, மல்லி. விதைக்காமல் விட்ட இடமெல்லாம் சீமைக்கருவேலம்.

கரிசல் மண்ணுக்கு ரெண்டு முகம் உண்டு. கோடையில் கால் நுழையும் அளவு வெடித்து, இரும்பு மாதிரி இறுகிக் கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் நாலு நல்ல மழை பெய்தால், அதே மண் தண்ணீரைக் குடித்து ஊதிப் பசை மாதிரி ஆகிவிடும். செருப்போடு பத்தடி நடந்தால் காலில் ஒரு கிலோ மண் ஏறும். சக்கரத்துக்கும் அதே கதி.

இந்த மண்ணில் காலங்காலமாக ஓடியது கட்டைவண்டி. வண்டிக்குக் குறுக்கே போகும் அந்த அச்சுக்கு நம்ம ஊர்ப் பெயர் இருசு. இருசு சுற்றாது. அதன் ரெண்டு முனையிலும் சக்கரம் சுற்றும். சக்கரம் கழன்றுவிடாமல் கடையாணி பிடித்துக்கொள்ளும். ஒரு சக்கரம் வரப்பில் ஏறினால் இருசு சாயும், வண்டி மொத்தமும் சாயும். ஆனால் சக்கரம் பெரியது. அதனால் இருசு தரையிலிருந்து நல்ல உயரத்தில் இருக்கும். ஆழமான வண்டித்தடத்தின் நடுவே மேடு தட்டாமல் போய்விடும். இந்த உயரக் கணக்கை நினைவில் வைச்சுக்கங்க. பின்னாடி இது வேணும்.

49 நாளில் ஒரு வண்டி

இப்போ கரிசலை விட்டு அமெரிக்காவுக்குப் போகணும். கரிசலுக்கு வந்த முதல் தலைமுறை ஜீப்பின் அச்சு அங்கேதான் முடிவானது.

1940 ஜூலை. ஐரோப்பாவில் போர். அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கேட்பு அனுப்பியது: நாலு சக்கரமும் இழுக்கக்கூடிய, எடை குறைந்த ஒரு வண்டி வேண்டும்; மாதிரி வண்டி 49 நாளில் வரணும். பதில் கொடுத்தவை இரண்டே கம்பெனிகள். அமெரிக்கன் பான்டம், வில்லிஸ் ஓவர்லேண்ட். கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரை வைத்துப் பான்டம் வரைபடம் போட்டு, செப்டம்பர் 23-ஆம் தேதி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது.

49 நாளில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க முடியாது. கடையில் கிடைக்கிறதை எடுத்துத்தான் மாட்டணும். ஸ்பைசர் கம்பெனியின் அச்சுகள் கிடைத்தன; அதை மாற்றியமைத்துப் போட்டார்கள். முன்னாலும் ஒரே அச்சு, பின்னாலும் ஒரே அச்சு, ரெண்டுக்கும் லீஃப் ஸ்பிரிங். நம்ம பட்டறைகளில் 'பட்டை' என்று சொல்வோமே, அதேதான்.

இன்னொரு விஷயமும் இருக்கு. முன்சக்கரம் திரும்பவும் வேணும், இன்ஜின் சக்தியில் சுழலவும் வேணும். அதுக்கு மடங்கியபடியே சுழலும் ஒரு மூட்டு தேவை. ஒரே குழலாக இருக்கும் அச்சில் பக்கத்துக்கு ஒன்று என்று ரெண்டு மூட்டு போதும். சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கணும் என்றால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று நாலு மூட்டு வேணும். அந்தக் காலத்தில் இந்த மூட்டுகளைத் துல்லியமாகச் செய்வதே பெரிய வேலை. ஒரே ரக ஜீப்பிலேயே பென்டிக்ஸ், ர்செப்பா, ட்ராக்டா, ஸ்பைசர் என்று நாலு விதமான மூட்டுகள் மாட்டப்பட்டன. போர் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்துவிட்டார்கள்.

ஆக, சாலிட் அச்சு ஜீப்புக்கு வந்தது யாரோ பாறையிலும் சேற்றிலும் சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததால் இல்லை. அவசரம், கையிருப்பு, மூட்டுகளின் எண்ணிக்கை. இந்த மூணும்தான் பெரிய காரணம். அது பாறையிலும் சேற்றிலும் நன்றாக வேலை செய்தது என்பது பிறகு தெரிந்த நல்ல செய்தி.

பிடிஓ ஜீப் வந்த கதை

1945-ல் தொடங்கிய மஹிந்திரா அண்ட் முகமது கம்பெனி, 1948-ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டி விற்க ஆரம்பித்து, பிறகு இங்கேயே தயாரிக்கும் உரிமையும் பெற்றார்கள். உரிமத்தோடு கூடவே அந்த அச்சும் வந்து சேர்ந்தது.

1952 அக்டோபர் 2-ஆம் தேதி நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. வட்டாரம், அதாவது பிளாக், என்ற அமைப்பு வந்தது. வட்டார வளர்ச்சி அலுவலர் வந்தார். அவரோடு ஜீப்பும் வந்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி எல்லாம் இன்றைக்கும் ஊராட்சி ஒன்றியங்கள்தான். கிராமத்துப் பெரியவங்க கிட்டே கேளுங்க. 'பிடிஓ ஜீப்' என்பது அவங்களுக்கு வண்டி இல்லை, அரசாங்கம். தூரத்தில் புழுதி கிளம்பினால் அதிகாரி வருகிறார் என்று அர்த்தம்.

சரி, அந்த அச்சு கரிசலுக்குப் பொருந்தியதா? பாதி பொருந்தியது.

பொருந்தாத பாதி இது. அச்சின் நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி ஓர் உருண்டையாகத் தொங்கும். ஜீப்பின் டயர் கட்டைவண்டிச் சக்கரத்தில் பாதி உயரம்கூட இருக்காது. அதனால் மழைக்காலத்தில் ஆழமான வண்டித்தடத்தில் இறங்கினால், அந்த உருண்டை நடு மேட்டில் கலப்பை மாதிரி உழுதுகொண்டு போகும். இருசுக்கு இருந்த உயரம் இதுக்கு இல்லை.

பொருந்திய பாதி, பட்டறை. பட்டை உடைந்தால் லாரிக்குப் பட்டை கட்டும் அதே ஆள் கட்டிவிடுவார். அச்சு வளைந்தால் நெருப்பில் காட்டி நிமிர்த்தலாம். சக்கரத்தோரம் இருக்கும் மூட்டு, பழைய ஜீப்பில், ஓர் இரும்பு உருண்டைக்குள் கிரீஸில் மூழ்கிக் கிடக்கும். கருவேல முள்ளு டயரைக் குத்தும். அந்த இரும்பை என்ன செய்யும்? ஆக, சேற்றில் சிக்கினாலும் உடைந்து நிற்காத வண்டி. உடைந்தாலும் பக்கத்து ஊரில் சரியாகிற வண்டி. இந்தக் குணத்துக்காகத்தான் அது அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தது.

தனிக் கைகளின் காலம்

தனித்தனிச் சக்கரம் என்ற யோசனை புதுசு இல்லை. செக்கோஸ்லோவாக்கியாவில் ஹன்ஸ் லெட்விங்கா 1923-லேயே டட்ரா 11 காரை, நடுவில் ஒரு முதுகெலும்புக் குழல், பக்கவாட்டில் ஊசலாடும் அரை அச்சுகள் என்று வடிவமைத்தார். அந்த வம்சத்தில் வந்த டட்ரா லாரிகள்தான் பிற்பாடு பெமல் நிறுவனம் வழியாக நம்ம ராணுவத்துக்கு வந்தன. பிருத்வி ஏவுகணையைத் தூக்கிக்கொண்டு குடியரசு தின அணிவகுப்பில் போன எட்டுச் சக்கர வண்டி அதுதான். 'தனித்தனி சஸ்பென்ஷன் என்றால் பூஞ்சை' என்று யாராவது சொன்னால், இந்தப் படத்தைக் காட்டுங்க.

ஆனால் 'தனித்தனி' என்பதிலும் பல ரகம் உண்டு. தவறான ரகம் உயிரைக் குடிக்கும். வில்லிஸ் ஜீப்புக்கு மாற்றாக ஃபோர்டு வடிவமைத்த எம்151, 1960 வாக்கில் அமெரிக்க ராணுவத்துக்கு வந்தது. நாலு சக்கரமும் தனி. மேடு பள்ளத்தில் அருமையாக ஓடியது. ஆனால் அதன் பின்பக்கத்து ஊசல் அச்சுக்கு ஒரு கெட்ட குணம். வேகத்தில் சடாரென்று திருப்பினால், சக்கரம் உடம்புக்கு அடியில் மடங்கி, வண்டி குப்புறக் கவிழ்ந்துவிடும். பல வீரர்கள் அப்படி இறந்தார்கள். 1970-ல் வந்த ஏ2 ரகத்தில் பின் சஸ்பென்ஷனையே மாற்றினார்கள். ஓய்வுபெற்ற எம்151 வண்டிகளைப் பொதுமக்களுக்கு முழுசாக விற்காமல் வெட்டிப் போட்டார்கள்.

முன்பக்கத்துக்கும் முயற்சி நடந்தது. 1963 மாடல் ஜீப் வாகனீரில், ஃபோர் வீல் டிரைவோடு தனித்தனி முன் சஸ்பென்ஷனை விருப்பத் தேர்வாகக் கொடுத்தார்கள். சில வருடத்திலேயே அதை நிறுத்திவிட்டார்கள். அந்த யோசனை நிலைத்தது எண்பதுகளில்தான். அமெரிக்கச் சந்தைக்கான டொயோட்டா பிக்கப் 1986 மாடலிலும், ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய பிக்கப்புகள் 1988-லும் மாறின.

மாறியதற்குக் காரணம் மலை இல்லை, நெடுஞ்சாலை. அறுபது, எழுபது கிலோ எடையுள்ள ஒரு இரும்புக் கட்டை, ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரங்களோடு சேர்ந்து குதிக்கிறது என்று வைச்சுக்கங்க. ஒரு பக்கம் குழியில் விழுந்தால் அந்த உதை மறுபக்கத்துக்கும் போகும், ஸ்டியரிங்குக்கும் போகும். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் அது சிரிப்பு. நூறில் பயம். தனித்தனிக் கைகளில் டிஃபரன்ஷியல் வண்டியின் உடம்போடு கட்டப்பட்டிருக்கும். சக்கரத்தோடு குதிப்பது கொஞ்ச எடைதான். சக்கரம் தரையை விட்டுப் பிரியாது. பிடிப்பு அதிகம், பிரேக் நன்றாகப் பிடிக்கும், முதுகும் பிழைக்கும்.

ஒரே பெயர், ரெண்டு அச்சு

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். அமெரிக்காவில் 1986-ல் மாறிய அதே டொயோட்டா, ஆஸ்திரேலியாவில் ஹைலக்ஸ் என்ற பெயரில், லீஃப் ஸ்பிரிங் போட்ட சாலிட் முன் அச்சோடு 1997 வரை விற்றது. பொறியாளர்களுக்கு ரெண்டுமே தெரியும். வாங்குகிறவர் வேறு, அவர் ஓட்டும் பாதை வேறு. நெடுஞ்சாலையில் போகும் அமெரிக்கருக்கு ஒன்று. டவுனிலிருந்து பல மணி நேரத் தொலைவில் பண்ணை வைத்திருப்பவருக்கு இன்னொன்று.

நம்ம நாட்டிலும் அதே நடந்தது. 1985-ல் வந்த மாருதி ஜிப்சி, முன்னும் பின்னும் சாலிட் அச்சு, லீஃப் ஸ்பிரிங். நம்ம ராணுவம் பல பத்தாண்டுகள் அதை ஓட்டியது. 1994-ல் டாடா சுமோ, 2002-ல் ஸ்கார்ப்பியோ என்று முன்பக்கம் தனித்தனியாக உள்ள வண்டிகள் ஊருக்குள் வந்தன. 2010-ல் தார் வந்தபோது, பழைய தலைமுறை அச்சும் புதிய ஏற்பாடும் ஒரே பெயரில் விற்பனைக்கு இருந்தன. டிஐ ரகத்தில் சாலிட் அச்சும் பட்டையும். சிஆர்டிஇ ரகத்தில் தனித்தனி. 2020-ல் வந்த புதிய தாரில் தனித்தனி மட்டும்தான். ஃபோர்ஸ் கூர்க்காவும் 2021-ல் அதே பக்கம் சாய்ந்தது. ராணுவமே 2017-ல் ஜிப்சிக்கு அடுத்ததாக மூவாயிரத்துக்கு மேல் சஃபாரி ஸ்டார்ம் வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அதுவும் முன்பக்கம் தனித்தனிதான். 2023-ல் ஜிம்னி வந்தபோது எதிர்த்திசையில் தனியாக நின்றது.

அப்போ சாலிட் அச்சு செத்துப்போச்சா? அருப்புக்கோட்டையிலிருந்து மேற்கே, தேனி மாவட்டத்து மலைக்கு வாங்க. கொழுக்குமலை தேயிலைத் தோட்டத்துக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் பாதையில் பாதை என்பதே பாறைதான். அங்கே இன்றைக்கும் பழைய மஹிந்திரா ஜீப்புகள்தான் ஆளை ஏற்றிக்கொண்டு போகின்றன. அங்கே சாலிட் அச்சுக்கு நிஜமான காரணம் இருக்கு. இடது சக்கரம் பாறையில் ஏறும்போது, அதே அச்சு வலது சக்கரத்தைக் கீழே அழுத்தித் தரையில் பதிக்கும். தராசு மாதிரி. கூடவே, அச்சு சக்கரத்தோடு சேர்ந்தே ஏறுவதால் வண்டி எவ்வளவு அமுங்கினாலும் டிஃபரன்ஷியலுக்கு அடியில் இருக்கும் இடைவெளி குறையாது. தனித்தனி ஏற்பாட்டில் பாரம் ஏற ஏற, உடம்போடு டிஃபரன்ஷியலும் கீழே இறங்கும். பாறையில் அந்த நாலு விரற்கடை போனால் எண்ணெய்ப் பெட்டி போச்சு.

சரி, கரிசலுக்கு எது?

திரும்ப நம்ம ஊருக்கு வருவோம். அருப்புக்கோட்டை ஓரமாக இன்றைக்கு மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலை போகிறது. 2000-க்குப் பிறகு கிராமச் சாலைத் திட்டங்களால் உள்ளூர்களுக்கும் தார் போய்விட்டது. பிடிஓ ஜீப் ஓடிய புழுதிப் பாதைகளில் பல இன்றைக்கு இல்லை. வயலுக்குள் ஃபோர் வீல் டிரைவ் வேணும் என்றால் அந்த வேலையை டிராக்டர் எடுத்துக்கொண்டது. அதன் முன் அச்சைக் கவனிச்சிருக்கீங்களா? ஒரே இரும்பு, நடுவில் ஒரு ஊசி. மொத்த அச்சும் ஏற்றப்பலகை மாதிரி ஆடும். இருசுக்கு ஒரு மூட்டு வைத்த மாதிரி. மெதுவாகப் போகும் வண்டிக்கு அதைவிட எளிமையான ஏற்பாடு தேவையில்லை.

அதனால், சமவெளியில், வாரத்தில் ஆறு நாள் நெடுஞ்சாலை, ஒரு நாள் தோட்டம் என்று ஓடுகிற வண்டிக்கு முன்பக்கம் தனித்தனியாக இருப்பதே சரி. அங்கே பாறை இல்லை. தராசு வேலைக்கு அவசியம் குறைவு. நூறு கிலோமீட்டர் வேகம் இருக்கு. ஆடு, மாடு, பைக் எல்லாம் குறுக்கே வரும். அங்கே உயிரைக் காப்பது ஸ்டியரிங்கும் பிரேக்கும். 'அசல் ஜீப்' என்ற பெருமைக்காக அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் இதுக்கு ஒரு விலை உண்டு. ஷோரூமில் அதை யாரும் சொல்ல மாட்டாங்க. நாலு மூட்டு என்று சொன்னேன் இல்லையா? ஒவ்வொன்றையும் மூடியிருப்பது ஒரு ரப்பர் உறை. பூட் என்பார்கள். பருத்தி எடுத்து முடிந்த காட்டில் காய்ந்து நிற்கும் பருத்திமார், வெட்டிப் போட்ட கருவேலங்கட்டை, இதெல்லாம் அதைக் கிழிக்கலாம். கிழிந்ததும் எதுவும் தெரியாது. கிரீஸ் வெளியே போகும், மண் உள்ளே போகும். கொஞ்ச நாளில், திருப்பும்போது 'டிக் டிக்' என்று சத்தம் வரும். சத்தம் வந்துவிட்டால் மூட்டு போச்சு. ரப்பர் மாற்றுவது சின்னச் செலவு. மூட்டு மாற்றுவது பெரிய செலவு. அதைப் பட்டை கட்டும் பட்டறையில் செய்ய முடியாது. உதிரிப்பாகம் டவுனிலிருந்து வரணும்.

அதனால் வண்டி வாங்கும்போது கேட்க வேண்டியது 'எது கெத்து' என்பது இல்லை. மூணே கேள்வி. எந்த வேகத்தில் அதிகம் ஓட்டப்போறீங்க? சக்கரத்துக்கு அடியில் பாறையா, மண்ணா? உடைஞ்சா யார் சரிபண்ணுவாங்க, எவ்வளவு தூரத்தில் இருக்காங்க? பாறையும் தொலைவும் பதிலாக வந்தால் ஒத்தை இருசு. வேகமும் தார்ச்சாலையும் பதிலாக வந்தால் ரெட்டைக் கை.

கட்டைவண்டி செய்த ஆசாரி ஒவ்வொரு வண்டியையும் அந்தந்த ஊர் மண்ணைப் பார்த்துத்தான் செய்தார். 49 நாளில் பிறந்த ஜீப்புக்கு அந்தப் பார்வை இல்லை. கிடைத்ததை மாட்டினார்கள், நம்ம மண் அதோடு ஒத்துப்போனது. இன்றைக்கு ரெண்டும் கடையில் கிடைக்கிறது. தேர்ந்தெடுக்கிற ஆசாரி நீங்கதான். வயலுக்குப் போய் வந்தால், கழுவுவதற்கு முன் ஒரு டார்ச் அடித்து அந்த ரப்பர் உறையைப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.